ஏணி கப்பலுடையது, காயம் யாருடையது?

1972 டிசம்பரில், அமெரிக்காவில் ஓர் இந்தியக் கப்பலில் கோதுமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பலின் பெயர் ஜலரத்னா. வால்சந்த் ஹீராசந்தும் கூட்டாளிகளும் 1919இல் தொடங்கிய சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல் அது. மூட்டைகளைக் கீழே இறக்கும் வின்ச்சின் பிரேக் இரண்டு நாளாகவே சரியாகப் பிடிக்கவில்லை. மூட்டைகள் அடுக்கிய தட்டு ஆடிப்போய்ச் சுவரில் மோதியது, சில மூட்டைகள் சரிந்தன. அவற்றை ஒதுக்கிக்கொண்டிருந்த தொழிலாளியின் மேல் மிச்ச மூட்டைகளும் விழுந்தன.

வின்ச் கப்பலுடையது. தொழிலாளியோ சரக்கேற்றும் ஸ்டீவடோர் நிறுவனத்தின் ஆள். அப்படியானால் யார் பொறுப்பு? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981 ஏப்ரலில் விடை சொன்னது. உரிமையாளர் கப்பலைப் பாதுகாப்பான நிலையில் ஒப்படைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இருந்தால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். கப்பல் ஊழியர்களின் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் அவர்களே கவனமாக இருக்க வேண்டும். பழுதான கருவியோடு ஸ்டீவடோர் ஆட்களை வேலை வாங்குவது கப்பலுக்குத் தெரிந்திருந்து, அது கண்கூடான ஆபத்தாகவும் இருந்தால், குறுக்கிட்டு நிறுத்த வேண்டும். அதே சமயம், வேலை தொடங்கிய பிறகு ஒவ்வொரு மணி நேரமும் சோதித்துக்கொண்டிருக்கும் கடமை கப்பலுக்கு இல்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. அங்கே கப்பல் ஏணியிலிருந்து விழுந்த தொழிலாளி வழக்குப் போட்டால், இன்றும் 'சிந்தியா கடமைகள்' என்ற பெயரிலேயே வாதம் தொடங்குகிறது.

சென்னை ஹார்பரிலும் இதே சிக்கல்தான். மேல்தளத்திலிருந்து சரக்கறைக்குள் இறங்கும் இரும்பு ஏணி கப்பலின் உறுப்பு. அது துருப்பிடித்ததா, படி வளைந்ததா என்பது கரையில் இருப்பவருக்குத் தெரியாது. அதில் இறங்குபவர் காலையில் கேங்கோடு வந்த ஒப்பந்தத் தொழிலாளி. இந்தக் கப்பலில் அவர் ஏறுவது அன்றுதான் முதல்முறையாக இருக்கலாம்.

அந்த ஏணியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மொத்தச் சரக்குக் கப்பலின் அறை பதினைந்து மீட்டருக்கு மேலும் ஆழம் போகும். பொதுவாக அதற்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுவரோடு ஒட்டிய செங்குத்து ஏணி. மற்றது சாய்வாக, இடையிடையே நின்று மூச்சு வாங்கத் தட்டு வைத்த ஏணி. ஆஸ்திரேலியத் துறைமுகங்கள் விதி போட்டு இந்த இரண்டாவது வகையை வலியுறுத்தியதால், கப்பல்காரர்கள் இன்றும் அதை 'ஆஸ்திரேலிய ஏணி' என்றே அழைக்கிறார்கள். சரக்கை அள்ளும் கிராப் தவறி மோதினால் படிகள் வளையும், வெல்டிங் விட்டுப்போகும். உரத்தூளும் தானியத்தூளும் ஈரத்தோடு சேர்ந்தால் படி வழுக்கும். கையில் கருவிகளோடு இறங்குபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் மிஞ்சும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. ஏணி இருக்கும் குறுகிய கூண்டில் மரக்கட்டை, நிலக்கரி, பழைய இரும்பு போன்ற சரக்குகள் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். பாதி ஏணியில் மயங்கி விழுந்தவர் கால் தவறி விழுந்ததாகவே வெளியே தெரியும். காற்றைச் சோதிக்காமல் ஆளை இறக்கியவரை விட்டுவிட்டு, இறங்கியவரின் கவனத்தைக் குறை சொல்வது அநியாயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கப்பலில் சரக்கேற்றும் தொழிலாளர் பாதுகாப்புக்கு ஜெனீவாவில் உருவான சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி இந்தியாவில் 1934இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1948 பிப்ரவரியில்தான். அந்தப் பதினான்கு ஆண்டுகளும் தொழிலாளர்கள் அந்தப் பாதுகாப்பு இல்லாமலே சரக்கறைக்குள் இறங்கினார்கள். பிறகு 1986இல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும், 1990இல் அதன் விரிவான விதிகளும் வந்தன. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. பெரிய துறைமுகங்களில் கப்பல் ஏறிச் சோதிக்கும் ஆய்வாளர்கள் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். அதே அமைச்சகத்தின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் சென்னை தரமணியில் சர்தார் படேல் சாலையில் இருக்கிறது. அங்கே தொழிலிடப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது.

காயம்பட்டவருக்கு முதலாளி தர வேண்டிய இழப்பீடு ஒன்று உண்டு. யார் தவறு என்று நிரூபிக்காமலே அதைக் கேட்கலாம். 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் கப்பலிடமும் கேட்கலாம். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கடல்சார் வழக்குச் சட்டம், கப்பலை இயக்குவதோடு நேரடித் தொடர்புள்ள உயிரிழப்பையும் உடல் காயத்தையும் கடல்சார் உரிமைகோரல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஹார்பருக்கு எதிரே இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, அப்படிப்பட்ட வழக்கில் கப்பலையே சிறைபிடிக்க அதிகாரம் உண்டு. உரிமையாளர் ஜாமீன் தொகை கட்டும்வரை கப்பல் நகராது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சரக்கு இறங்கியதும் கப்பல் கிளம்பிவிடும். உடைந்த படியும் அதோடு போய்விடும், அடுத்த துறைமுகத்தில் யாராவது அதை வெல்டிங் செய்துவிடுவார்கள். அதனால் அன்றே படியைப் புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும். கப்பலின் பெயர், சரக்கறை எண், உடனிருந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளருக்குத் தகவல் போனதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்படிக் கப்பலின்மீதே கோரும் உரிமைக்குப் பற்றுரிமை என்று பெயர்; அது பொதுவாக ஓராண்டு வரைதான் உயிரோடிருக்கும்.