முதல்வர் ஏன் கடிதம் மட்டும் எழுதுறாங்க?

"மீனவர்கள் கைது, மத்திய வெளியுறவு அமைச்சருக்கு முதல்வர் கடிதம்." இந்தத் தலைப்பை எத்தனை தடவை ஸ்க்ரோல் பண்ணித் தாண்டியிருப்போம்? ஆட்சி மாறும், முதல்வர் மாறுவார், தலைப்பு மட்டும் மாறாது. ஏன் கடிதம்? நேரா கொழும்புக்கு போன் போட்டுப் பேச முடியாதா? இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்விதான்.

முதல்ல ஊரைப் பார்த்துடுவோம். புதுக்கோட்டைன்னா சித்தன்னவாசல், திருமயம் கோட்டைன்னுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பாக் விரிகுடா இருக்கு. விசைப்படகுகளுக்கான முக்கியமான ரெண்டு தளம் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும். 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்திலிருந்து 3 பேர் போன ஒரு படகு, இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியது. ஒருவர் இறந்தார், மற்ற இருவர் பிடிபட்டார்கள். பேசுற விஷயம் அந்த அளவுக்குப் பெருசு.

இப்போ சட்டம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-வது இனம். ஆனா கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள ஆட்சிக் கடலைத் தாண்டிய மீன்பிடிப்பு, ஒன்றியப் பட்டியலில் 57-வது. வெளியுறவு 10-வது, வெளிநாட்டு ஒப்பந்தம் 14-வது, வெளிநாட்டு வணிகம் 41-வது. எல்லாமே டெல்லி கையில். மாநிலத்துக்கு மிஞ்சுறது கடிதம்தான்.

இது பேப்பர்ல இருக்கிற பிரச்சினை மட்டும் இல்ல. 1974-ல் பாக் விரிகுடாவில் எல்லைக்கோடு போட்டு, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. ஒருத்தர் கடலில் இன்னொருத்தர் அனுமதியில்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச் 23 அன்று, இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில் வந்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே கிடையாது. எமர்ஜென்சி காலம், ஜனவரி 31-லேயே திமுக ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள்.

வேற எங்கேயாவது இதை வேற மாதிரி செய்றாங்களா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களும் வழக்கமாக மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்காருகிறார்கள். வெளியுறவு விஷயத்தில் பொதுவாக எல்லோரும் ஒத்துக்கணும், ஒருத்தர் மறுத்தாலும் நின்றுவிடும். வணிகத்தில் எந்த நாடும் தனியாக ஒப்பந்தம் போட முடியாது, ஒன்றியம் மொத்தமாகத்தான் பேசும். மால்ட்டாவின் மக்கள்தொகை 6 லட்சத்துக்கும் கீழே. அதுக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 16 லட்சம் பேருக்கு மேல். அவை தனித்தனி நாடுகள், நாம ஒரே நாடு, அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனா, பாதிக்கப்படுறவங்களை மேசையில் உட்கார வைக்க வழி இருக்குன்னு அது காட்டுது.

அந்த மேசைக்கு எவ்வளவு பலம்? ஆழ்கடல் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. இலங்கை தன் சட்டத்தைத் திருத்தியது, படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஒன்றரை வருஷத்துக்குள் காரியம் முடிஞ்சது.

நம்ம பக்கம் வருவோம். 2016 நவம்பர் 5 அன்று டெல்லியில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் மீன்வள அமைச்சர்களும் சந்தித்தார்கள். சுஷ்மா சுவராஜும் மங்கள சமரவீரவும் இருந்த கூட்டம் அது. கூட்டுப் பணிக்குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்று முடிவானது. அதன் ஆறாவது கூட்டம் கொழும்பில் 2024 அக்டோபரில் நடந்தது. எட்டு வருஷத்தில் முப்பது கூட்டமாவது நடந்திருக்கணும். நடந்தது ஆறு.

மறுபக்கத்தையும் சொல்லியாகணும். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்கள்தான். போர்க்காலம் முழுக்க கடலுக்குப் போகவே அவங்களுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. 2009-க்குப் பிறகு திரும்பி வந்து வலை விரிச்சா, நம்ம இழுவைப் படகுகள் அதை அறுத்துட்டுப் போகுது. இழுவைமடி கடலின் அடித்தளத்தையே வாரிட்டு வரும், குஞ்சு மீனையும் விடாது. 2017-ல் இலங்கை அதைச் சட்டப்படி தடை செய்தது.

அந்த 2016 கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி, இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகளும் டெல்லியில் நேருக்கு நேர் பேசினாங்க. நம்ம ஆட்கள் இழுவைமடியை விடக் கால அவகாசம் கேட்டாங்க. அவங்க உடனே நிறுத்தச் சொன்னாங்க. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2017-ல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர். மூணு வருஷத்தில் 2,000 படகு என்பது இலக்கு. அதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த 10 சதவீதமே 8 லட்சம், மேல 16 லட்சம் கடன். பழகாத ஆழ்கடலை நம்பி யார் அவ்வளவு பணத்தை இறக்குவாங்க?

என் கருத்து இதுதான்: கச்சத்தீவைப் பற்றி ஆளுக்கு ஆள் சண்டை போடுறதைவிட, அந்தப் பணிக்குழு சொன்ன தேதியில் கூடுதா, அதில் ஜெகதாப்பட்டினத்துக்காரரும் மன்னார்க்காரரும் உட்கார்ந்து பேச இடமிருக்கா என்று கேட்பது முக்கியம். இதை உங்க எம்.பி.யிடம் கேட்கலாம். நாடாளுமன்றத்தில் அந்தக் கேள்வியை எழுப்புற உரிமை அவங்களுக்கு இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.