தேக்கு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி

குத்தாலம் போன்ற காவிரிக் கரை ஊர்களில் பழைய வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கினால், முதலில் பெயர்ந்து வாசலுக்கு வருவது பெரும்பாலும் தேக்கு ஜன்னல்தான். அதன் ஸ்தானத்தில் பிளாஸ்டிக் ஜன்னல் ஏறிக்கொள்கிறது. காரணம் கேட்டால், "குளிர்சாதனம் வைத்துவிட்டோம், இரட்டைக் கண்ணாடி வேண்டுமே!" என்கிறார்கள். இரட்டைக் கண்ணாடிக்காகத் தேக்கைப் பலி கொடுக்க வேண்டியதில்லை என்பது நமது கட்சி.

1865-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்ஸன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உலர்ந்த காற்றை அடைத்து, ஓரங்களை மூடிவிடுவதே உபாயம். அடைபட்ட காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. பனி தேசத்தார் உள்ளே உள்ள சூட்டைக் காக்க இதைக் கையாண்டார்கள்; நாமோ வெளியே உள்ள சூட்டைத் தடுக்கப் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு கணக்கு உண்டு. வெளியே 38 டிகிரி, அறைக்குள் 26 டிகிரி என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாகச் சுமார் 70 வாட் உஷ்ணம் உள்ளே வரும். இரட்டையானால் சுமார் 34 வாட். நல்ல லாபந்தான். எனினும் மேற்கு வெயில் நேரே விழுமானால், அதுமட்டுமே சில நூறு வாட்டைக் கொண்டு வரும். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆகவே முதல் வேலை தாழ்வாரமோ தட்டியோ அமைத்து நிழல் தருவது. ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்கும் கூடத்திற்கு இந்தச் செலவு வீண். குளிர்சாதன அறைக்கும், கும்பகோணம் – மயிலாடுதுறைச் சாலையின் பஸ் சப்தத்தில் குழந்தைகள் பாடம் படிக்கும் அறைக்குமே இது தகும். சப்தத்திற்கானால் ஒரு கண்ணாடி 6 மில்லிமீட்டர், மற்றது 4 என்று வேறுபட வேண்டும். கதவின் இடுக்குகளையும் ரப்பர் பட்டையால் அடைக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டும் 12 மில்லிமீட்டர் இடைவெளியும் சேர்ந்தால் கனம் 20 மில்லிமீட்டர். பழைய கதவின் காடி அவ்வளவு ஆழம் இராது. மரம் போதிய தடிப்பாக இருந்தால் தச்சர் காடியை ஆழப்படுத்தலாம். இல்லாவிட்டால் உட்புறம் மரச்சட்டம் சேர்க்கலாம். மூடி முத்திரையிட்ட கண்ணாடியைப் பிறகு அறுக்க முடியாது. எனவே மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவைக் கொண்டு, நாற்புறமும் 3 மில்லிமீட்டர் விட்டுச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் உப்பியிருக்கும். தை மாசியில் வேலையை வைத்துக்கொள்வது உத்தமம்.

பாரத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டடி அகலமும் நாலடி உயரமுமுள்ள கதவில் 3 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஐந்தரைக் கிலோ. இரட்டை ஏறக்குறைய பதினைந்து கிலோ. பழைய கீல் இரண்டு போதா, மூன்றாவது வேண்டும். கீல் பக்கத்துக் கீழ்மூலையிலும் அதற்கு எதிர் மேல்மூலையிலும் சிறு கட்டைகள் கொடுத்தால்தான் கதவு தொங்காது.

ஆளிவிதை எண்ணெய் கலந்த மக்கை இதில் உபயோகிக்கலாகாது. அந்த எண்ணெய் ஓரத்து அடைப்பை அரித்துவிடும். அதற்கேற்ற ஸிலிக்கோன் பசையே தக்கது. காடியில் நீர் தேங்காமல் வடியவும் வழி வேண்டும். ஓரம் ஈரத்தில் ஊறினால் நடுவே ஆவி படியும். அதை எந்தத் துணியாலும் துடைக்க இயலாது, கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான்.

மரம் மெல்லியதாயின் வேறு வழி உண்டு. இரும்புக் கம்பிகளுக்கு உட்புறம் தனியாக இரண்டாவது கண்ணாடிக் கதவு போடலாம். பழைய ஜன்னல் தொடப்படாமலே இருக்கும். இடைவெளி பெரிதாவதால் சப்தமும் அதிகமாக அடங்கும்.

ஒரு காலத்தில் கண்ணாடி என்றாலே சீமைச் சரக்கு. பைசா பைசாவாக ஜனங்களிடம் திரட்டிய நிதியைக் கொண்டு 1908-இல் மகாராஷ்டிரத்துத் தளேகாமில் சுதேசிக் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஜன்னல் கண்ணாடி வார்க்கப்படுகிறது. கண்ணாடியும் உள்ளூரில் கிடைக்கிறது. காடி வெட்டத் தெரிந்த தச்சரும் அடுத்த தெருவில் இருக்கிறார். பாட்டனார் போட்ட தேக்கை விறகு விலைக்குத் தள்ளுமுன், அவரை ஒருமுறை அழைத்துக் காட்டுவது நலம்.