வளைவு எங்கே அமைய வேண்டும்?

மாணவர்களே! வட்டத்தின் ஆரத்தைப் பற்றிக் கணக்குப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். தந்திக் கருவிகளைச் செய்யும் கைவினைஞருக்கும் அந்த ஆரம் இன்றியமையாதது. வயலின், கிட்டார், வீணை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நோக்கினால், ஒரு கருவியை எவ்வாறு வாசிக்கிறோமோ அதற்கேற்பவே அதன் வளைவு அமைகிறது என்பது புலனாகும்.

வயலினும் கிட்டாரும்

வாசிப்பவர் தந்திகளை விரலால் அழுத்தும் பகுதிக்கு விரற்பலகை என்று பெயர். வயலினில் இது கருங்காலி மரத்தால் ஆனது. இதன் மேற்பரப்பு ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதியைப் போல வளைந்திருக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரையும் அவ்வாறே வளைந்திருக்கும். வயலினுக்கு நான்கு தந்திகள். அவை ஒரே மட்டத்தில் இருந்தால், வில்லை இழுக்கும்போது நான்கும் சேர்ந்து ஒலிக்கும்; நடுவில் உள்ள தந்தியைத் தனியே ஒலிக்கச் செய்ய இயலாது. ஆகவே வயலினுக்கு இவ்வளைவு உயிர்நாடி ஆகும். மேலைநாட்டுக் கருவியான வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியவர்களுள் முன்னோடி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858).

கிட்டாரை வில் கொண்டு வாசிப்பதில்லை. எனவே அதற்குப் பெரிய வளைவு தேவையில்லை. எஃகுத் தந்திகள் பூட்டிய கிட்டார்கள் பலவற்றில், விரல்கள் எளிதில் படியும் பொருட்டு விரற்பலகை மெல்ல வளைக்கப்படுகிறது. ஆரம் 12 அங்குலமாகவும், பலகையின் அகலம் 5 சென்டிமீட்டராகவும் இருந்தால், நடுப்பகுதி ஓரங்களைவிட 1 மில்லிமீட்டர் மட்டுமே உயர்ந்திருக்கும். இந்த நுண்ணிய வளைவைப் பெற, முதலில் பலகையைச் சமமாக இழைத்து நடுக்கோடு வரைவர். பின்னர் இழைப்புளியால் ஓரங்களைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துவர். அதன்பின், அதே ஆரத்தில் உட்குழிந்த கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, பலகையின் நீளவாக்கில் தேய்ப்பர். இறுதியில் நேரான அளவுகோலைப் பலகையின்மீது நீளவாக்கில் வைத்துப் பார்ப்பர். இடையே வெளிச்சம் தெரியுமாயின், அவ்விடம் பள்ளம் என அறிந்து மீண்டும் தேய்ப்பர்.

தஞ்சாவூர் வீணை

பலா மரத்தில் செய்யப்படும் தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இதில் விரற்பலகை இல்லை. தண்டியின் இரு ஓரங்களிலும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகை வரப்புப்போல் அமைத்து, அதன்மேல் 24 பித்தளை மெட்டுகளைக் குறுக்கே பதிப்பர். ஒரு தாயிக்கு 12 வீதம் இரண்டு தாயிகளுக்கு இவை போதுமானவை. இம்முறையை நிலைபெறச் செய்தவர் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் என்பது மரபு. மெட்டுகளைப் பதிக்கும் பணிக்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர்.

மெட்டுகளின் இடத்தைக் கணக்கிடலாம். தந்தியின் நீளம் 84 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். குதிரையிலிருந்து அளந்தால், மேல் சட்சம் பாதியில், அதாவது 42 சென்டிமீட்டரில் அமையும். பஞ்சமம் மூன்றில் இரு பங்கில், அதாவது 56 சென்டிமீட்டரில் அமையும். சுத்த மத்திமம் நான்கில் மூன்று பங்கில், அதாவது 63 சென்டிமீட்டரில் அமையும். எனினும் கணக்கு மட்டும் போதாது. தந்தியை அழுத்தும்போது அதன் இழுவிசை சற்றே மிகுந்து சுருதி உயரும். அதனால் கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் மீட்டிக் கேட்டு, மெழுகு இளகியிருக்கும்போதே மயிரிழை அளவு நகர்த்தி அமைப்பார். ஒரு மெட்டு அடுத்ததைவிடத் தாழ்ந்திருந்தால், அழுத்திய தந்தி அடுத்த மெட்டில் உராய்ந்து கரகரக்கும். ஆகவே உயரத்தையும் அவர் சீர்செய்ய வேண்டும்.

அவ்வாறெனில், வீணையில் வளைவு எங்கே உள்ளது? குதிரையின் மேலுள்ள பித்தளைத் தகட்டில் உள்ளது. அது கண்ணுக்கு எளிதில் புலப்படாதவாறு மெல்ல வளைந்திருக்கும். அதிரும் தந்தி அவ்வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் ஒலி செழுமை பெறுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிவியலறிஞர் சர் சி. வி. இராமன், 1921ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவின்றி இருக்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பொதுவிதி. வீணையிலும் தம்பூராவிலும் அவையும் ஒலிக்கின்றன என்று அவர் காட்டினார்.

நமக்கு உரிய பொருள்

நாம் வாழும் தார்நாகாவில் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் கேட்கின்றன. வீணை இரு மொழியினருக்கும் உரியது. ஆந்திரப் பிரதேசத்தின் பொப்பிலி வீணையும் பலா மரத்தில்தான் செய்யப்படுகிறது. கிட்டாரின் பலகையை அளவு கொடுத்தால் இயந்திரமே வளைத்துத் தரும். வீணையோ அவ்வாறன்று. நாள்பட நாள்பட வெப்பத்தாலும் விரலின் அழுத்தத்தாலும் மெழுகு தளரும். மெட்டுகள் இடம் பெயரும். மீண்டும் மேளம் கட்ட வேண்டும். சுரம் அறிந்த செவியும் பழகிய கையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தாலன்றி இப்பணி நிறைவேறாது. அத்தகையோர் இல்லாத ஊரில், பாட்டி வாசித்த நல்ல வீணையும் சுருதி சேராமல் அலமாரியின்மேல் கிடக்கும். வீணையைக் காப்பது என்பது, அதற்கு மேளம் கட்டத் தெரிந்தவரின் தொழிலையும் காப்பதேயாகும்.

அருஞ்சொற்பொருள்

தண்டி – வீணையின் நீண்ட கழுத்துப் பகுதி
குதிரை – தந்திகளைத் தாங்கும் சிறு பாலம்
தாயி – சட்சம் முதல் மேல் சட்சம் வரையுள்ள சுர வரிசை

சிந்தித்து விடை எழுதுக

1. வயலினின் விரற்பலகை சமமாக இருந்தால் என்ன நேரும்?
2. ஒரு தந்தியின் நீளம் 66 சென்டிமீட்டர். குதிரையிலிருந்து பஞ்சமம் எவ்வளவு தொலைவில் அமையும்?
3. மெட்டுகளை ஆணியால் அறையாமல் மெழுகில் பதிப்பதன் நன்மை யாது? உம் சொந்த நடையில் எழுதுக.