உங்களுக்குத் தெரியுமா? கீசர், ஷவர், கரன்ட்

✦ "அதான் ட்ரிப்பர் இருக்கே!" என்பார்கள். கீசர் லைனில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரைத்தான், குளிப்பவரை அல்ல. ஒயர் தாங்காத அளவுக்குக் கரன்ட் போனால்தான் அது விழும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் முந்நூறில் ஒரு பங்கு, ஓரிரு நொடி உடம்பில் பாய்ந்தாலே போதும். அவ்வளவு சின்ன கரன்டை எம்.சி.பி. கண்டுகொள்ளவே கொள்ளாது.

✦ நனைந்த உடம்பின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். காய்ந்த கையில் சுர்ரென்று அடித்துவிட்டுப் போகும் அதே கோளாறு, ஷவருக்கு அடியில் உயிரை எடுப்பது இதனால்தான்.

✦ ஆளைக் காப்பாற்ற இருப்பது ஆர்.சி.சி.பி. போன கரன்ட் முழுதும் திரும்பி வந்ததா என்று கணந்தோறும் அது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், ஏதோ ஒரு வழியாக, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, அது மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். 0.3 நொடிக்குள் சப்ளையைத் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர்தானா என்று பாருங்கள். 100, 300 என்று வருபவை ஆளைக் காக்கும் அளவுக்கு நுட்பமானவை அல்ல.

✦ ஷாக் அடிக்கும்போது ஏன் கையை எடுக்க முடிவதில்லை? பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்சீல் இதைத் தன்னார்வலர்களை வைத்தே அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது. 1961-இல் 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவியை அவர் உருவாக்கினார். 1975 முதல் அமெரிக்க மின் விதிகள் வீட்டுக் குளியலறை சாக்கெட்டுகளுக்கு அத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்கின.

✦ கீசருக்குள் கரன்ட் எப்படித் தண்ணீருக்கு வருகிறது? சூடேறும் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி, வெளியே உலோகக் குழாய் போட்டதுதான் எலிமென்ட். போர் தண்ணீரில் ஓடும் கீசரின் எலிமென்ட்டைக் கழற்றிப் பாருங்கள்: வெள்ளை வெளேரென்று உப்பு விரல் தடிமனுக்குப் படிந்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் குழாய் வெந்து, ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். தூள் ஈரத்தைக் குடித்தால் கசிவு ஆரம்பம். தண்ணீர் வழக்கம்போல் சுடும், வெளியே எதுவும் தெரியாது.

அந்தக் கசிவை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டியது எர்த் ஒயர். முன்பு வீடுகளில் ஜி.ஐ. பைப் ஓடியது. மண்ணுக்குள் இறங்கிய அந்த இரும்பு, யாரும் கேட்காமலேயே ஓரளவு எர்த் வேலையையும் பார்த்தது. இன்று எங்கும் சி.பி.வி.சி. பைப், பிளாஸ்டிக். எர்த் ஒயர் இல்லையென்றால் கீசர் உடம்பில் ஏறிய கரன்டுக்கு வேறு போக்கிடம் கிடையாது, நனைந்து நிற்கும் ஆளைத் தவிர.

✦ இதைவிட மோசமான ஒன்றைப் பழைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாக்கெட்டைத் திறந்தால், நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு அங்குல ஒயர் துண்டு. எர்த் லைன் இழுக்கும் வேலையை மிச்சம் பிடிக்கச் செய்தது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், எர்த் இருப்பதாகவே தோன்றும். ஆனால் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் கீசர் உடம்பு முழுக்க 230 வோல்ட். போதாக்குறைக்கு, எலிமென்ட்டில் கசியும் கரன்ட் அந்தத் துண்டு வழியாக நியூட்ரலிலேயே திரும்பிவிடுவதால் ஆர்.சி.சி.பி.யின் கணக்கும் சரியாகிவிடுகிறது, அது விழாது. இப்படி இணைக்கிற எலெக்ட்ரீஷியனை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

✦ ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற பொத்தானை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். விழுந்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அந்தப் பொத்தான் எர்த் ஒயரைத் தொடுவதே இல்லை, கருவியை மட்டும்தான் சோதிக்கிறது.

✦ பிரேசில் வீடுகளில் வெந்நீர் ஷவரின் தலைக்குள்ளேயே எலிமென்ட் இருக்கும், 5,500 வாட் என்பது அங்கே சாதாரணம். பிரிட்டனில் சுவரில் மாட்டும் எலெக்ட்ரிக் ஷவர் பத்தரை கிலோவாட் வரை போகும். அதற்குத் தனி லைன், தடித்த கேபிள். குளிப்பவர் கைக்கெட்டும் இடத்தில் சாதாரண சுவர் சுவிட்ச் கூடாது என்பதால் பெரும்பாலும் கூரையிலிருந்து கயிறு தொங்கும், இழுத்துத்தான் போட வேண்டும்.

✦ நம் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் இழுப்பது 13 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டினால் பிளக் கருகும். 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு ஒயர் வேண்டும், 4 என்றால் நிம்மதி.

✦ ஒற்றைத் துருவ சுவிட்ச் ஒரு ஒயரை மட்டுமே அறுக்கும். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் எலிமென்ட்டில் கரன்ட் நிற்கும். 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும். அதைக் குளியலறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், ஓடி வருகிறவர் அவரைத் தொடும் முன் அணைக்க வேண்டியது அதைத்தான்.