கண் திறக்காத செல்போன்

சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சிநேகிதிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். என்னைப் போல் யாரும் அரை நாள் அழுதுகொண்டு உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இரவு வழக்கம் போல் செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்தால் இருட்டு. பட்டனை அமுக்கினால் அசைவில்லை. மறுபடியும் சார்ஜரைச் செருகினேன், பேட்டரி படம்கூட வரவில்லை. என் கணவர், "பழைய போன்தானே, புதுசு வாங்கிக்கலாம் விடு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். போன் போனால் போகட்டும். அதற்குள் என் அம்மா இருக்கிறார்களே! போன தை மாதம் தவறிப்போன அம்மா, அதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 14 குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. "சாப்ட்டியா அம்மிணி, பிள்ளைக்கு இருமல் விட்டுச்சா?" இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் குரல் வேறு எங்கும் கிடையாது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்காரத் தம்பி தன் ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் போயிடுச்சுக்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தணும், 1,500 ரூபா ஆகும்" என்றார். எல்லாம் அழிந்துவிடுமா என்று கேட்டேன். "ஆமாங்க்கா, போட்டோ எல்லாம் போயிடும்" என்றார். போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

மாடி வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பெண் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "கரண்டே ஏறலைன்னா சாஃப்ட்வேரை எப்படி ஆன்ட்டி ஏத்துவாங்க?" முதலில் என் கணவரின் பழைய போனில் இருந்து என் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னாள். மணி அடித்தால் போன் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று அர்த்தமாம். மணி அடிக்கவில்லை.

அடுத்து டார்ச் அடித்து சார்ஜ் செருகும் ஓட்டையைப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு! நைட்டியில் பாக்கெட் வைத்துத் தைத்து, அதில் போனைப் போட்டுக்கொண்டே சமையல், துவையல் எல்லாம் பார்ப்பவள் நான். நூலும் மாவும் சேர்ந்து அப்பிக் கிடந்திருக்கிறது. ஒயர் செருகினாலும் உள்ளே முழுதாகப் போய்ச் சேரவில்லை. இரவெல்லாம் சார்ஜ் ஏறாமல், இருந்ததும் தீர்ந்திருக்கிறது. கடைக்காரத் தம்பியின் ஒயரும் அதனால்தான் வேலை செய்யவில்லை.

நான் உடனே கழுத்துச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். "ஐயோ, ஊக்கு, ஊசி எதுவும் வேண்டாம்" என்று தடுத்துவிட்டாள். இரும்பு பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் கெட்டுவிடுமாம். மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுத்தாள். வந்த பஞ்சில் ஒரு விளக்குத் திரியே திரிக்கலாம்!

பிறகு தன் வீட்டு நல்ல சார்ஜரில் போட்டு, அரைமணி நேரம் தொடாதீர்கள் என்றாள். பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால் கொஞ்ச நேரம் ஏறிய பிறகுதான் அடையாளமே காட்டுமாம். நாம் ரெண்டு நிமிடத்தில் பிடுங்கிப் பார்த்துவிடுகிறோம். அரைமணி கழித்து பேட்டரி படம் வந்தது, ஆனால் போன் திறக்கவில்லை. சத்தம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். ஒரு நடுக்கம், வெளிச்சம்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எல்லா போனுக்கும் இதே முறை இல்லை. சாம்சங்கில் இந்த இரண்டு பட்டன்களையும் 7 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். பிக்சலில் பவர் பட்டனை மட்டும் 30 விநாடி. ஐபோன் 8 முதல் வந்தவற்றில் சத்தம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டு பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். இப்படிச் செய்வதால் உள்ளே இருப்பது எதுவும் அழியாது.

போன் தண்ணீரில் விழுந்திருந்தால் மட்டும் சார்ஜில் போடவே கூடாது. அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று 2024-இல் ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது. (நான் ஒருமுறை புதைத்திருக்கிறேன், அந்த அரிசியைச் சமைத்தும் சாப்பிட்டோம்!) பின்பக்கம் உப்பியிருந்தால் அமுக்காமல், சார்ஜ் போடாமல் நேரே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போய்விட வேண்டும்.

அன்றே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப் என்பதை அந்தப் பெண்ணே போட்டுக் கொடுத்தாள். அப்படியும் மனசு கேட்காமல் 14 பதிவுகளையும் திருப்பூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் அவளிடமிருந்து பதிலே இல்லை. அப்புறம் போன் செய்து, "அக்கா, அஞ்சாவதுல பின்னால கேக்குது பாரு, அது நம்ம வீட்டு குக்கர் சத்தம்" என்றாள்.

- ஒரு வாசகி, ஈரோடு.