வெளியே பளபளப்பு, உள்ளே பிளவு

விமானத்தின் உடலில் சேதம் ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடாதா? எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நேயர் ஒருவர் இப்படிக் கேட்டார். அலுமினியமாக இருந்தால் அடிபட்ட இடத்தில் பெரும்பாலும் ஒரு பள்ளமாவது தெரியும். கார்பன் இழையை அப்படி நம்ப முடியாது.

குவே லாப்பிஸ் பலகாரத்தைச் சிறுவர்கள் எப்படித் தின்கிறார்கள்? அடுக்கடுக்காக உரித்துத்தானே! கார்பன் இழைப் பாகங்களும் அடுக்குகளால் ஆனவைதாம். இழைகளை வெவ்வேறு திசைகளில் பரப்பி, பிசின் ஊட்டி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைக்கிறார்கள். இழை ஓடும் திசையில் அபார வலிமை. ஆனால், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிசின் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. கைதவறி ஒரு ஸ்பேனர் விழுந்தாலும், மேலே தடம் எதுவும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். பிரிந்த அடுக்கை இருபுறமும் இழுத்தால் ஓரளவு தாங்கும். அமுக்கும் விசை வந்தாலோ, மெல்லிய தகடுபோல் புடைத்து வளையும், பிளவும் பரவும்.

2005 மார்ச் 6ஆம் தேதி, கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குப் புறப்பட்ட ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 விமானம், 35,000 அடி உயரத்தில் வால் சுக்கானை ஏறக்குறைய முழுவதுமாக இழந்தது. விமானிகள் வரடேரோவுக்கே திரும்பிப் பத்திரமாகத் தரையிறக்கினர்; 271 பேரும் உயிர் தப்பினர். அந்தச் சுக்கான், தேன்கூடு போன்ற நடுப்பகுதியின் இருபுறமும் இழைத் தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. ஒட்டு விட்டதோ, நடுப்பகுதி உடைந்ததோ தொடக்கமாக இருக்கலாம் என்றே கனடிய விசாரணையாளர்கள் கருதினர். (அடுக்குப் பிரிவுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம்.) சுக்கானின் பெரும்பகுதி கிடைக்காதபோது அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

அதே ஆண்டின் இறுதியில் ஓர் ஏ300 சரக்கு விமானத்தின் சுக்கானைச் சோதித்தபோது, உட்புறத் தகடு தேன்கூட்டை விட்டுப் பரவலாகப் பிரிந்திருந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தது. பறக்கும்போது அந்தப் பிரிவு பெரிதாகக்கூடும் என்று சோதனைகள் காட்டின. பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் வெளியிலிருந்து தட்டி ஓசை கேட்கும் முறை ஒன்று உண்டு. அது உட்புறத் தகட்டின் கோளாறைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் 2006இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் உடனடிச் சோதனைகளைக் கோரியது.

போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி இத்தகைய இழைப் பொருள்தான். விமான நிலையத்தில் உணவு ஏற்றும் வண்டி அதில் லேசாக இடித்துவிட்டது என்று வையுங்கள். “சாயம்கூடப் போகவில்லையே” என்று ஓட்டுநர் பேசாமல் போய்விட்டால், சேதம் எவருக்கும் தெரியாமல் பறக்கும். அவர் சொல்லிவிட்டால், மீயொலிக் கருவியை வைத்து எந்த ஆழத்தில், எவ்வளவு அகலத்துக்கு அடுக்கு பிரிந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.