தூங்காத இரட்டையர்!

நடுநிசி 2 மணி. ஊரே தூங்குகிறது. அனல் மின்சார நிலையத்தில் மட்டும் பாய்லர் கனன்று எரிகிறது.

அந்தப் பாய்லரின் உச்சியில் ஒரு பெரிய உருளை இருக்கிறது. அதற்குள் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மட்டம் இறங்கினால் குழாய்கள் தண்ணீர் இல்லாமல் காய்ந்து வெடிக்கும். மட்டம் ஏறினாலோ, நீராவியோடு தண்ணீரும் கலந்து ஓடி, சுழன்று கொண்டிருக்கும் டர்பைனின் தகடுகளைச் சிதைக்கும். இரண்டும் ஆபத்துதான்.

இந்தத் தண்ணீரை விநாடி தவறாமல் காவல் காப்பது யார்? மனிதன் அல்ல. இரும்பு அலமாரிக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி! அதற்குப் பெயர் "கண்ட்ரோலர்".

சரி, அந்தப் பெட்டியே திடீரென்று செத்துப் போனால்?

அதற்காகத்தான் பக்கத்தில் இன்னொரு பெட்டி விழித்துக் கொண்டு இருக்கிறது.

கண்ணும் கையும்

கண்ட்ரோலர் செய்யும் வேலை மிகவும் எளிமையானது. முதலில் அது பார்க்கும். தண்ணீர் எவ்வளவு? சூடு எவ்வளவு? அழுத்தம் எவ்வளவு? அளவு கருவிகள் கம்பி வழியாகச் சொல்லி விடும். அடுத்தபடியாக, தனக்குள் எழுதி வைத்த புரோகிராமின்படி கணக்குப் போடும். பிறகு உத்தரவு கொடுக்கும். "வால்வைக் கொஞ்சம் திற", "பம்பை நிறுத்து" என்று. உடனே மறுபடியும் பார்க்கத் தொடங்கும். இந்த ஒரு சுற்றுக்குப் பிடிக்கும் நேரம், ஒரு விநாடியில் ஒரு சிறு துளிதான்.

முன்பெல்லாம் இந்த வேலையை நூற்றுக்கணக்கான ரிலேக்கள் செய்தன. கார் தொழிற்சாலையில் புது மாடல் வந்தால், அத்தனை கம்பிகளையும் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டும். இந்தத் தொல்லைக்கு 1968-ம் ஆண்டு அமெரிக்காவில் விடிவு பிறந்தது. டிக் மார்லி என்ற எஞ்சினீயரும் அவருடைய கூட்டாளிகளும், கம்பியை மாற்றாமல் புரோகிராமை மட்டும் மாற்றினால் போதும் என்ற கருவியைச் செய்தார்கள். அது அவர்கள் கம்பெனியின் 84-வது திட்டம். அதனால் அதற்கு "084" என்றே பெயர் வைத்து விட்டார்கள்!

இரட்டை நாயனம்

கல்யாண வீட்டில் இரட்டை நாயனம் கேட்டிருப்பீர்கள். பெரியவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது, இரண்டாவது ஆள் அதே இடத்தில் பிடித்துக் கொள்வார். ராகம் அறுந்து போவது இல்லை. எப்படி முடிகிறது? இரண்டாவது ஆளும் அதே பாட்டைக் கூடவே மனதுக்குள் வாசித்துக் கொண்டு வருகிறார்.

இரட்டைக் கண்ட்ரோலரின் சூட்சுமமும் இதுதான்.

இரண்டு பெட்டிகளிலும் ஒரே புரோகிராம். முதல் பெட்டி உத்தரவு போடும். இரண்டாவது வாயைத் திறக்காது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் பெட்டி தன் கணக்கை எல்லாம் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக இரண்டாவதற்கு அனுப்பிக் கொண்டே இருக்கும். "வால்வு இப்போது பாதி திறந்திருக்கிறது. தண்ணீர் இந்த மட்டத்தில் நிற்கிறது" என்பது வரை இரண்டாவதற்குத் தெரியும்.

இது தெரியாமல் பொறுப்பை ஏற்றால் என்ன ஆகும்? அது ஆரம்பத்தில் இருந்து தொடங்கும். வால்வை மூடி விட்டு யோசிக்கும். அதற்குள் பாய்லரில் தண்ணீர் வற்றிப் போகும்!

முதல் பெட்டியிடம் இருந்து "நான் இருக்கிறேன்" என்ற சைகை நின்றதும், கண் மூடித் திறப்பதற்குள் இரண்டாவது ஆட்சிக்கு வந்து விடும். வால்வுக்கு எஜமான் மாறியதே தெரியாது.

ஆனால் இதிலும் ஒரு கண்டம் உண்டு. முதல் பெட்டி நன்றாக இருந்து, நடுவில் உள்ள கேபிள் மட்டும் அறுந்து போனால்? "அண்ணன் போய் விட்டான்" என்று தம்பி நினைப்பான். அண்ணனோ உயிரோடு இருக்கிறான். இரண்டு பேரும் உத்தரவு போட்டால் வால்வு யார் பேச்சைக் கேட்கும்? அதனால் இணைப்புக் கேபிளையும் இரண்டாகப் போடுகிறார்கள். ஒன்று ஒரு வழியாக. மற்றது வேறு வழியாக. ஒரே பள்ளத்தில் இரண்டையும் புதைத்தால், ஒரு கடப்பாரை இரண்டையும் வெட்டி விடும் அல்லவா?

ராக்கெட் சிதறியது!

இரண்டு பெட்டி இருந்தும் மோசம் போன கதை ஒன்று உண்டு.

1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பிய நாடுகள் செய்த "ஏரியான்-5" ராக்கெட் முதல் தடவையாகக் கிளம்பியது. அதன் தலையில் 4 விஞ்ஞானக் கோள்கள்.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்கிட அதில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று வேலைக்கு, மற்றது மாற்றுக்கு.

சுமார் 40 விநாடி. ராக்கெட் 3,700 மீட்டர் உயரத்தில் திடீரென்று திசை மாறி, உடைந்து, வெடித்துச் சிதறியது!

என்ன நடந்தது? பெட்டிகளில் இருந்த புரோகிராமின் ஒரு பகுதி, பழைய ஏரியான்-4 ராக்கெட்டில் இருந்து எடுத்தது. அதில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32,767 வரைதான் கொள்ளும். பழைய ராக்கெட்டுக்கு அது போதும். புதிய ராக்கெட்டோ வேகக்காரன். எண் பெரிதாகி இடம் போதாமல் போயிற்று. பெட்டி ஸ்தம்பித்து நின்றது.

உடனே மாற்றுப் பெட்டி கை கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அது அதற்கு முன்னாலேயே படுத்து விட்டது! ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், அதில் 72 கூறு நேரம் முந்தி. இரண்டிலும் இருந்தது ஒரே புரோகிராம், ஒரே தவறு. ஒருவன் எந்தக் குழியில் விழுந்தானோ, அதே குழியில் மற்றவனும் விழுந்தான். நல்ல வேளை, அந்த ராக்கெட்டில் ஆட்கள் யாரும் இல்லை.

ஜப்பான் கதை வேறு. 2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி புகுஷிமா அணுமின் நிலையத்தைப் பூகம்பம் உலுக்கி, வெளி மின்சாரம் போனதும், மாற்று டீசல் எந்திரங்கள் ஒழுங்காகவே ஓடின. ஒரு மணி நேரம் ஆவதற்குள் கடல் பொங்கி வந்தது. பெரும்பாலான எந்திரங்கள் இருந்த இடமோ கட்டிடங்களின் அடித்தளம்! அவை தண்ணீரில் மூழ்கி நின்றன. 6-வது உலைக்குச் சேர்ந்த ஓர் எந்திரம் மட்டும் உயரமான இடத்தில் இருந்ததால் பிழைத்தது. 5, 6 ஆகிய இரண்டு உலைகளும் அதனால் தப்பின.

பராமரிப்பு

ஆகவே பெட்டிகளை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்து விடாது. இரண்டுக்கும் தனித்தனி மின்சார வழி வேண்டும். முடிந்தால் தனித்தனி அறை வேண்டும். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் அளவு கருவியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே கருவி பொய் சொன்னால் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து ஏமாறும். மூன்று கருவிகளை வைத்து, இரண்டு எதைச் சொல்கிறதோ அதை நம்புவது வழக்கம்.

பழுதான பெட்டியை எடுத்து விட்டுப் புதியதை மாட்டும்போது கவனம் வேண்டும். வேலையில் இருக்கும் பெட்டியின் புரோகிராம்தான் புதியதற்குப் போக வேண்டும். தலைகீழாகப் போனால், ஓடிக் கொண்டிருக்கும் புரோகிராம் அழிந்து விடும்! அதனால் புரோகிராமின் நகல் ஒன்றைத் தேதி போட்டு வேறிடத்தில் பூட்டி வைப்பார்கள். பல பழைய பெட்டிகளில் நினைவைக் காப்பது ஒரு சிறு பேட்டரி. மின்சாரம் இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி விட்டுப் பேட்டரியைக் கழற்றினால், பெட்டிக்குச் சகலமும் மறந்து போகும்.

எல்லாவற்றையும் விட மோசமானது, மாற்றுப் பெட்டி சத்தமில்லாமல் சாவது. முதல் பெட்டி ஓடிக் கொண்டிருப்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு சிறு விளக்கு மட்டும் நிறம் மாறி எரியும். அதன் மேல் தூசி படிந்திருந்தால் அதுவும் தெரியாது!

இதற்காகவே, நல்ல நிலையங்களில் நாள் குறித்துப் பரீட்சை வைக்கிறார்கள். ஆட்கள் அவரவர் இடத்தில் தயாராக நிற்பார்கள். ஒருவர் முதல் பெட்டியை வேண்டுமென்றே ஓய்வுக்கு அனுப்புவார். அத்தனை கண்களும் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் முள்ளின் மேல் இருக்கும்.

முள் அசையாவிட்டால், மறுபடியும் மாற்றி விட்டு, தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக் கொண்டு டீ குடிக்கப் போவார்கள்.